நாலு ஞாயிறு, நாலு மாத்திரை

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாண ஆல்பம் வந்திருந்தது.

இப்போதெல்லாம் கல்யாண ஆல்பத்தை ஒற்றை ஆளாகத் தூக்க முடிவதில்லை. ஒரு பெட்டி, அதற்குள் வெல்வெட் உறை, அதற்குள் ஆல்பம்... அட்டையில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏதோ பனிமலை அடிவாரத்தில் நிற்கிறார்கள். அந்தப் படம் எடுத்தது திருப்புல்லாணிப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில். நானும் கூடத்தான் இருந்தேன். சரி, போகட்டும்.

புரட்டிக்கொண்டே வந்தோம். நடுப்பக்கம் வந்தது. தாரை வார்க்கிற படம். இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு ஒரே படம். பெண்ணின் கையும் மாப்பிள்ளையின் கையும் சேர்ந்திருக்கின்றன. மேலே செம்பு சாய்ந்திருக்கிறது, தண்ணீர் விழுகிறது. செம்பைப் பிடித்திருப்பது பெண்ணின் அப்பா இல்லை.

நான்.

அந்தப் படத்தில் நான் இருந்திருக்கக் கூடாது. என் அண்ணன் இருந்திருக்க வேண்டும். ஏன் இல்லை என்பதை இந்த வாராந்திரப் பத்தியில் எப்போதோ எழுதியிருக்க வேண்டும். மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். ஷேர் ஆட்டோவைப் பற்றிக்கூட எழுதினேன். நீங்களும் பெருந்தன்மையாகப் படித்தீர்கள்.

அண்ணன் ஜெனரேட்டர் மெக்கானிக். எங்கள் ஊர் நயினார்கோவிலுக்குப் பக்கம். நெல்லும் மிளகாயும் போடுகிற குடும்பம். இளவயதிலேயே கீழக்கரைக்காரர் ஒருவர் மூலம் வளைகுடாவுக்குப் போனவர். மகள் பிறந்தபோது ஊரில் இல்லை. காது குத்தியபோது இல்லை. வயதுக்கு வந்து சடங்கு சுற்றியபோது போனில் இருந்தார். மூன்று வருடமாக மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சுரங்கத்தில் வேலை. நாலு மாதம் அங்கே, ஐந்து வாரம் இங்கே.

மகளின் கல்யாணத் தேதியையே அந்த ஐந்து வாரத்துக்குள்தான் குறித்தோம். "எல்லாத்தையும் போட்டோவுல பாத்தே காலம் போச்சு தம்பி. இது ஒண்ணுக்காவது நான் நேர்ல நிக்கணும்" என்று போனில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. சமையல்காரர் யார், மேளம் எந்த ஊர், எதிலும் தலையிடவில்லை. நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு நாலு வாரம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார். சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி பிரித்தோம்.

பெட்டி பிரிப்பது என்றால் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் அவர் கொண்டுவந்த அட்டைப்பெட்டியைச் சொந்தபந்தம் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதுதான் கத்தி வைத்து அறுப்பார்கள். சோப்பு, பவுடர், தைலம், சாக்லேட், டார்ச் லைட்... ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒவ்வொன்றும் ஒரு கைக்குப் போகும். இதில் எழுதாத சட்டம் இரண்டு உண்டு. ஒன்று, வாய்விட்டுக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. இரண்டு, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. திருப்பிக் கொடுத்தால் மனத்தாங்கல் என்று அர்த்தம். எங்கள் சித்தி ஒருவர் முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு சென்ட் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு குடும்பமும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். அண்ணன் அங்கே கட்டிப் படுத்த கொசுவலை வந்தது, மருந்து தோய்த்த வலை. பக்கத்து வீட்டுக்காரர் "நமக்கு ஆகும்ணே" என்று வாங்கிக்கொண்டார். மறுநாள் பார்த்தால் அவருடைய மிளகாய் நாற்றங்காலுக்குப் போர்த்தியிருந்தார், கோழி கிளறாமல் இருக்க.

என் முறை வந்தது. "ஒனக்கு என்ன தம்பி வேணும்? கேளு."

எனக்கு என்ன வேண்டும்? ஆப்பிரிக்காவில் ஒரு நகரத்தில் தமிழ்ச் சங்க விழா. என்னையும் பேச அழைத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் கிளம்ப வேண்டும், பத்து நாள் பயணம். மலேரியா வருகிற பகுதி, டாக்டரைப் பார்த்து முன்கூட்டியே மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று மெயிலில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அதற்காக மதுரை வரை போய், டாக்டரிடம் காத்திருந்து... யார் போவது?

"அந்தக் கொசு மாத்திரை மிச்சம் இருந்தா குடுங்கண்ணே. எனக்கு டாக்டர்ட்ட அலையிற வேலை மிச்சம்" என்றேன்.

அண்ணன் கைப்பையில் தேடினார். ஒரு அட்டை எடுத்தார். சரியாக நாலு மாத்திரை இருந்தது.

அண்ணி அடுப்படி வாசலில் நின்றிருந்தார். "ஏங்க, அது ஞாயித்துக்கெழமைக்கு..." என்று ஆரம்பித்தார். அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அண்ணி நிறுத்திக்கொண்டார்.

"அதான் வீட்டுக்கு வந்தாச்சுல்ல. இங்கன என்ன ஆப்பிரிக்காக் கொசுவா வந்து கடிக்கப் போகுது? இந்தா தம்பி, நீ வச்சுக்க."

வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அண்ணியின் அந்த அரை வாக்கியத்தை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? அண்ணிக்குக் கொடுக்க மனசில்லை என்று நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதைத்தான் நினைத்தேன்.

விஷயம் என்னவென்றால், அவை மிச்சம் இல்லை. கணக்காக வைத்திருந்தவை. வாரம் ஒன்று போடுகிற மாத்திரை அது. அங்கே இருக்கிற வரைக்கும் போட வேண்டும், ஊருக்கு வந்த பிறகும் நாலு வாரம் போட வேண்டும். கிளம்புகிற அன்றைக்குக் கொசு கடித்திருந்தாலும் கிருமி நேராக ஈரலுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். ஒரு வாரமோ, பத்து நாளோ, அதற்கும் மேலோ கழித்துத்தான் ரத்தத்துக்கு இறங்குமாம். அப்போது பிடிப்பதற்குத்தான் அந்த நாலு மாத்திரை. அண்ணனுக்கு இது தெரியும். ஒவ்வொரு லீவிலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டவுடன் போடுவாராம். அண்ணி தினசரிக் காலண்டரில் அந்த ஞாயிறுகளை மட்டும் தேடி, பேனாவால் 'மா' என்று எழுதி வைப்பாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

தெரிந்தும் ஏன் கொடுத்தார்? தம்பி கேட்டான். அத்தனை பேர் முன்னால் கேட்டான். பெட்டி பிரிக்கும்போது கேட்டான். இல்லை என்று சொல்ல அவருக்கு வரவில்லை.

நான் படித்தவன். வாரா வாரம் உங்களுக்கு அறிவுரை வேறு சொல்கிறவன். இன்னொருவருக்குக் கொடுத்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்றாவது யோசித்தேனா? இல்லை. அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த இரண்டாவது புதன்கிழமை எனக்கு ஒரு மெயில் வந்தது. மண்டபம் கிடைக்கவில்லையாம், விழா ரத்து. வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.

என் மனைவி உடனே சொன்னாள்: "அந்த மாத்திரையத் திருப்பிக் குடுத்துட்டு வந்துருங்க. அன்னைக்கு அக்கா ஏதோ சொல்ல வந்தாங்க."

"பெட்டிச் சாமானை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? அண்ணன் என்ன நெனைப்பாரு?" என்றேன்.

"என்ன நெனைப்பாரு? மாத்திரைன்னு நெனைப்பாரு."

பேப்பரை விரித்துக்கொண்டேன். ராமநாதபுரத்தில் இருக்கிற என் வீட்டிலிருந்து அண்ணன் வீடு ஒரு பஸ் தூரம். அதுவரை அண்ணன் விட்டிருந்தது இரண்டே இரண்டு ஞாயிறு. அட்டையை மேஜை டிராயரில் போட்டேன். அப்புறம் பத்திரிகை வைக்கிற அலைச்சலில் மறந்தே போனேன்.

அண்ணன் இதுவரை விட்ட விசேஷங்களுக்கெல்லாம் சேர்த்து அலைந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. தாம்பூலத் தட்டில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கீழக்கரையில் பழைய கூட்டாளிகள், பரமக்குடியில் சம்பந்தி வழி, ராமேஸ்வரத்தில் எங்கள் மாமா வீடு... ஒவ்வொரு வாசலிலும் "என் மக கல்யாணம், நான் ஊர்ல இருக்கேன்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்.

மெயில் வந்து ஆறு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை. ராமேஸ்வரத்தில் மாமா வீட்டில் பத்திரிகை கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர், உச்சி வெயிலில் போர்வை கேட்டார். பல் அடித்துக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் அனலாகக் கொதித்தது. பிறகு வேர்த்து ஊற்றி, எழுந்து உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டார். "அலைச்சல்தான். வெயில் ஒத்துக்கல" என்றார்கள் எல்லோரும். நானும் அதையே சொன்னேன்.

மறுநாள் ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார்.

"வெளியூர் எங்கயும் போயிட்டு வந்தாரா?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கல்யாணப் பத்திரிகை வைக்க ராமேஸ்வரம் வரைக்கும் போனாரு சார்."

டாக்டர் சிரித்தார். கல்யாண வீட்டுக் காய்ச்சல் என்றார். ஊசி போட்டார், மாத்திரை எழுதினார், ஓய்வெடுக்கச் சொன்னார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துப் பார்த்துவிட்டேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. வெளிநாடு போவதை யாரும் பயணம் என்று சொல்வதில்லை. அது வேலைக்குப் போவது. பயணம் என்றால் பழநி, திருச்செந்தூர்... அல்லது என்னைப் போல மாலை மரியாதைக்குப் போவது. இருபது நாளுக்கு முன்பு அண்ணன் ஆப்பிரிக்காவில் இருந்தார் என்பது எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. அதை 'வெளியூர்' என்கிற கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. விட்ட நேரத்தில் அண்ணன் பந்தல்காரரிடம் பேசினார். வந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணியைப் பார்த்து, "ஃபில்டர மாத்தச் சொன்னேனே, மாத்துனியா?" என்று கேட்டார். யாரோ சுரங்கத்து ஆள் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறார்.

அது அவர் நாலாவது மாத்திரையைப் போட்டிருக்க வேண்டிய ஞாயிறு. கல்யாணம் வியாழக்கிழமை.

மதுரைக்குக் கொண்டுபோனோம். அவசரத்தில் அண்ணி துணிமணிகளை அண்ணனின் பயணப் பையிலேயே அள்ளிப் போட்டு எடுத்து வந்திருந்தார். பையின் கைப்பிடியில் விமானத்தில் ஒட்டிய சீட்டு இன்னும் கிழிக்காமல் இருந்தது. அங்கே இருந்த டாக்டர் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அண்ணனைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"இவரு எந்த நாட்டுல இருந்து வந்தாரு? எப்ப வந்தாரு?"

சொன்னோம். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிட்டது. மலேரியா, அதிலும் மூளையைத் தாக்குகிற வகை. சிறுநீரகத்தையும் தொட்டிருந்தது.

"ஏன் இத மொதல்லயே சொல்லல? ஊருக்கு வந்ததுக்கு அப்புறம் மாத்திரை போட்டாரா?"

அண்ணி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு டாக்டரைப் பார்த்து, "இல்லம்மா, போடல" என்றார்.

யார் வாங்கினார்கள் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணனுக்கு லேசாக நினைவு திரும்பியது. கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமா என்று சம்பந்தி வீட்டில் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை, லீவு முடிகிறது. ஐ.சி.யு.வுக்குள் ஒருவரைத்தான் விட்டார்கள். நான் போனேன். அண்ணன் வாயருகே குனிந்தேன்.

"தள்ளி வைக்காதீக... நீ நில்லு."

இரண்டே வார்த்தையில் எனக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு மாத்திரையைக் கொடுத்த மாதிரியே.

வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. தாரை வார்க்கத் தம்பதியாக நிற்க வேண்டும், அண்ணி தனியாக நிற்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே நானும் என் மனைவியும் மணையில் நின்றோம். பெற்ற தாய் தூணோரமாக நின்றார், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு. அண்ணனுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்த அண்ணியின் தம்பி மகன் அழைத்தால் எடுக்க வேண்டுமே.

செம்பைச் சட்டென்று சாய்த்துவிட்டேன். பெண் நிமிர்ந்து பார்த்தாள். "சித்தப்பா... மெதுவா" என்றாள். என் கையோடு சேர்த்துப் பிடித்திருந்த மனைவி செம்பைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். ஃபோட்டோகிராபர், "சார், கொஞ்சம் சிரிங்க" என்றார்.

ஆல்பத்தில் பார்க்கிறேன், சிரித்திருக்கிறேன்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரி, இரண்டு தடவை டயாலிசிஸ். இப்போது நடமாடுகிறார், சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. சுகாதாரத் துறையிலிருந்து வந்து தெருவில் எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனார்கள். நல்லவேளை, வேறு யாருக்கும் இல்லை. "வீட்டுல கொசுவலை இருக்கா?" என்று கேட்டார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் நாற்றங்காலைக் காட்டினாராம்.

அந்த டாக்டர் பெண்ணிடம் ஒரு நாள் தனியாகக் கேட்டேன், "அந்த மாத்திரையைப் போட்டிருந்தால் வந்திருக்காதா?"

"நூத்துக்கு நூறு சொல்ல முடியாது சார். ஆனா அதுக்காகத்தானே அத எழுதிக் குடுக்கறாங்க?" என்றார்.

ஆகவே, வெளிநாடோ காட்டுப் பகுதியோ மலேரியா இருக்கிற இடத்துக்குக் கிளம்புகிறவர்களே... போகும் முன் டாக்டரைப் பாருங்கள். உங்களுக்கு எந்த மாத்திரை, திரும்பி வந்து எத்தனை நாள் என்று அவர் சொல்லட்டும். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒவ்வொரு கணக்கு. சிலருக்குச் சில மாத்திரை ஆகவே ஆகாது. வலைக்குள் படுங்கள், சாயங்காலம் முழுக்கைச் சட்டை போடுங்கள். திரும்பி வந்து சில மாதத்துக்குள் காய்ச்சல் என்றால், டாக்டர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கூட ஒரு தம்பி வந்து முந்திக்கொண்டு பேசினால், அவன் வாயைப் பொத்துங்கள்.

இதோடு முடித்துவிடலாம். ஆனால் இந்த வாரம் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

கல்யாண மண்டபத்திலேயே ஒரு பேச்சு கிளம்பியது. "அண்ணன் படுத்துட்டாருன்னு ஆப்பிரிக்கா பயணத்தையே வேணாம்னுட்டாரு. தம்பின்னா இப்படி இருக்கணும்." யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நான் ஆரம்பிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

போன ஞாயிறு அந்த நடுப்பக்கத்தை அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "இதையும் போட்டோவுலதான் பாக்கணும்னு இருக்கு, என்ன செய்ய?" என்றார். படத்தில் என் முகத்தின் மேல் விரலை வைத்தார்.

"நல்லா விழுந்திருக்க தம்பி. எனக்காக அம்புட்டுத் தூரம் போற வாய்ப்ப விட்டுட்டு வந்து நின்னியே... அது போதும் எனக்கு."

அண்ணி காபியை வைத்துவிட்டு உள்ளே போனார். நான் காபியைக் குடித்தேன்.

அண்ணன் இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பார். படித்துவிட்டுப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். இந்த வாரமும் படிப்பார்.

நான் எதையும் விட்டுவிட்டு வரவில்லை அண்ணே... அந்த விழா ரத்தானது உங்களுக்குக் குளிர் வருவதற்கு ஆறு நாள் முன்னால், மாத்திரை நாலும் இன்னும் என் டிராயரில்தான் இருக்கின்றன.